படித்த நேரம்

டன்கிரே தோட்டம், மேல்பிரிவு,
லிந்துலை.
04.09.2005

அன்புள்ள கிஷாந்த் அண்ணனுக்கு,

தங்கச்சி பூரணி எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். மழை விடாததால அம்மாவுக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்குதில்ல. உங்க அப்பா அம்மா, பெரியப்பாவும் பெரியம்மாவும் சொகம். கொழும்பு வெக்கையில உங்க உடம்பு எப்படி? கடைச் சோறு தின்னு வயித்தக் கெடுத்துக்கிறீங்கன்னு பெரியம்மா நித்தம் புலம்புறாங்க.

சண்டை போடத்தான் இந்தக் கடிதம். வரிசையா ஒட்டி நிக்கிற நம்ம லயம் மாதிரியே காம்பரா காம்பராவா, அறை அறையாப் பிரிச்சு, மலையகத்துப் பிள்ளைங்க எங்க இருந்தாலும் வந்து பேச இணையத்துல ‘எட்டுக்காம்பரா’ன்னு ஒரு எடம் கட்டியிருக்கீங்க. நல்லா இருக்கு, நானே நாலு பேருக்குச் சொல்லிச் சேத்துவிட்டேன். ஆனா அந்தத் தனிமடல் இருக்கே, அத யாரு செஞ்சது? ஒரு ஆளுக்கு எழுதி அனுப்பினா போய்ச் சேந்துச்சா, வாசிச்சாங்களா, ஒண்ணும் தெரியல. நான் அழிச்சா என் பக்கம் மட்டும் அழியுது, அந்தப் பக்கம் அப்படியே கெடக்கு. அதுக்கு மேல, பொம்பளப் பேரப் பாத்தா போதும், ‘ஹாய், எந்தத் தோட்டம்’னு பத்துப் பேரு வந்து நிக்கிறானுங்க. அவனுங்களுக்குக் கதவச் சாத்த ஒரு வழி வேணும்.

முக்கியமானது இன்னொண்ணு. அந்த மடல நானும் வாங்குறவங்களும் தவிர வேற யாரும் திறக்க முடியுமா? இங்க நம்ம கடிதமெல்லாம் எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியாததா. ஒபீசுல பெரிய கிளாக்கர் மேசையில கெடந்து, பாதி ஒறை பிரிஞ்சு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிறாங்க. வாங்கின ஆளுக்கு முன்னாடி ஊருக்கு விசயம் தெரிஞ்சிருக்கும். போன் இருக்கிற கடையில நாம பேசுறத நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டே கேக்குறான். ஒரு ஒளிவான எடம் எனக்கு அவசரமா வேணும். எதுக்குன்னு இப்பக் கேக்காதீங்க.

பதில தோட்டத்துக்குப் போடாதீங்க. தலவாக்கலையில ஆண்டியப்பன் கொமினிகேசன் கடை விலாசத்துக்குப் போடுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை அங்கதான் வந்து கம்பியூட்டர் பாக்குறேன். டைப் அடிச்சா ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகுது, அதான் உங்களுக்குக் கையால எழுதுறேன்.

உடம்பப் பாத்துக்கோங்க.

அன்புத் தங்கச்சி,
பூரணி


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
19.09.2005

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

நான் சுகமா இருக்கேன், வயிறும் சுகமா இருக்கு, அம்மாகிட்ட சொல்லிடு. சித்தியோட முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு எண்ணெய் அனுப்புறேன். நீ புள்ள மடுவத்துல பிள்ளைங்களப் பாக்குற வேலையில கத்திக் கத்தித் தொண்டையக் கெடுத்துக்காத.

உன் சண்டைக் கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சேன். சைட்டுல எண்ணூறு பேரு இருக்காங்க, ஒருத்தரும் இவ்வளவு தெளிவாக் குறை சொன்னதில்ல. பகல்ல கம்பெனி வேலை, பின்னேரம் உன் வேலைன்னு ஒக்காந்துட்டேன். வேண்டாத ஆளத் தடுக்கிற பொத்தான் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் அழிக்கிறது கொஞ்சம் சிக்கல், பாக்குறேன். வாசிச்சா தெரியணும்னு கேட்டியே, அது நல்ல யோசனை. நீ அனுப்பின மடலுக்குப் பக்கத்துல ‘படித்த நேரம்’னு நாளும் மணியும் விழுற மாதிரி செஞ்சிக்கிட்டு இருக்கேன்.

யாரு திறப்பாங்கன்னு பயப்படாத. நீயும் அவங்களும்தான். வேற ஒரு ஆள் கை வைக்க முடியாது. அம்மா மேல சத்தியம். பெரட்டுக் களத்துக் கடிதத்த நெனச்சுத்தானே இதையே கட்டினேன்.

அப்படி என்னம்மா ஒளிவு மறைவு? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டியா? அண்ணன்கிட்ட சொல்லிட்டுச் செய்.

உன் அண்ணன்,
கிஷாந்த்


லிந்துலை.
09.10.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க நலம். எண்ணெய் வந்துச்சு, அம்மா தேச்சுக்கிட்டு உங்களுக்கு ஆயுசு நூறுன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தடிமன், மூக்கடைப்புன்னு பெரியம்மா சொன்னாங்களே, கொத்தமல்லி போட்டுக் குடிச்சீங்களா?

மாப்பிள்ளையுமில்ல ஒண்ணுமில்ல. இவ்வளவு வேலை செஞ்சு கொடுத்த உங்ககிட்ட மூடி வைக்க மனசு வரல, அதனால கொஞ்சம் சொல்றேன். நம்ம தோட்டத்துல ஒரு பிள்ளைகிட்ட கொழுந்து பறிக்கிற மலையில ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டான். உத்தியோகத்துல இருக்கிற ஆளு. இதுக்கு முன்னாடியும் ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு தரமும் தோட்டத் தலைவர்னு பெரியப்பாகிட்ட போயி, பேசி முடிச்சிட்டாங்க. உங்க அப்பான்னு தப்பா நெனைக்காதீங்க, நடந்ததச் சொல்றேன். இந்தப் பிள்ளை இந்தத் தரம் பேசி முடிக்க விடமாட்டேன், எழுத்துல புகார் கொடுக்கணும்னு நிக்குது. ஆனா அவளுக்குத் தை மாசம் கல்யாணம். டிக்கோயாப் பக்கம் மாப்பிள்ளை. வாக்குமூலம் எடுத்து முடிக்கிற வரைக்கும் பேரு வெளிய வந்துச்சுன்னா கல்யாணம் நின்னுடும், வீட்டுல அவ வாயையும் அடைச்சிடுவாங்க. என்னை நம்பித்தான் சொன்னா.

நுவரெலியாவுல பொம்பளைங்களுக்கு உதவுற ஒரு நிலையத்துல ஜெயந்தினின்னு ஒரு அக்கா வேலை செய்றாங்க. எட்டுக்காம்பராவுலதான் பழக்கம். வாக்குமூலத்துக்கு முன்னாடியே எல்லாம் தயாரா இருக்கணும், பேர், வயசு, நடந்த நாள், அந்த ஆளோட பேர், எல்லாத்தையும் தனிமடல்ல எழுதச் சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை எழுதப் போறேன். உங்க சத்தியத்த நம்பித்தான். உங்ககிட்டயே பேரச் சொல்லல, கோவிச்சுக்காதீங்க. அது என் பேர் இல்ல, சொல்றதுக்கு.

தீபாவளிக்கு வருவீங்கதானே? பெரியம்மா முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

அன்புத் தங்கச்சி,
பூரணி


கொழும்பு.
30.10.2005

அன்புத் தங்கச்சிக்கு,

தடிமன் போயிடுச்சு. தீபாவளிக்கு லீவு தரமாட்டேங்கிறாங்க, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தீபாவளியே முடிஞ்சிருக்கும், அம்மாவ நீயே பக்குவமாச் சமாதானப்படுத்து. சித்திக்கும் உனக்கும் ரெண்டு சேலை தலவாக்கலைக்கு வர்ற ஒரு கூட்டாளிகிட்ட குடுத்து விட்டிருக்கேன்.

‘படித்த நேரம்’ வந்தாச்சு. இந்த மாசம் பத்தாம் தேதியிலிருந்தே உள்ளுக்குள்ள பதிவாகிக்கிட்டு இருந்துச்சு, நேத்துத்தான் எல்லாருக்கும் தெரியுற மாதிரி திறந்துவிட்டேன். ஒரே பாராட்டு. கனடாவிலிருந்து ஒருத்தர், இந்த மாதிரி வேற எந்தத் தமிழ் சைட்டுலயும் இல்லன்னு எழுதியிருக்காரு. யோசனை என் தங்கச்சியோடதுன்னு பதில் போட்டேன்.

நீ சொன்ன விசயத்தப் பத்தி யோசிச்சேன் பூரணி. நியாயம் உன் பக்கந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மலையில நின்னு வேலை வாங்குற சிவசாமி கண்டாக்கு மாதிரி ஆளுங்க தோட்டத்துல இருவது வருசம் வேர் விட்டவங்க. பொலிஸ், கோர்ட்டுன்னு போனா அந்தப் பிள்ளைக்குத்தான் சேதம். பெரியவங்க பேசித் தீக்கிறதுலயும் ஒரு நல்லது இருக்கும். கொஞ்சம் பொறு.

குளிர்ல காதுக்குத் துணி கட்டிக்கிட்டு போ.

உன் அண்ணன்,
கிஷாந்த்


லிந்துலை.
13.11.2005

கிஷாந்த் அண்ணனுக்கு,

சொகமா இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். சேலை கெடச்சுது.

உங்க கடிதத்த ஆண்டியப்பன் அண்ணன் கடை வாசல்லயே நின்னு வாசிச்சேன். ஒரு எடத்துல நின்னுட்டேன். சிவசாமி கண்டாக்குங்கிற பேர நான் உங்களுக்கு எழுதவே இல்ல. உத்தியோகத்துல இருக்கிற ஆளுன்னுதான் எழுதினேன். தோட்டத்துல உத்தியோகத்துல பத்துப் பேரு இருக்காங்க. எப்படி அவரு பேரு உங்க கையில வந்துச்சு?

சரி, ஏதோ யூகமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு உள்ள போயி கம்பியூட்டர்ல ஒக்காந்தேன். ஒக்டோபர் பதினாறு ஞாயிறு நான் ஜெயந்தினி அக்காவுக்கு அனுப்பின மடலப் பாத்தேன். பக்கத்துல நீங்க போட்ட ‘படித்த நேரம்’ இருக்கு. பத்தொன்பதாம் தேதி, புதன், பின்னேரம் ஏழு பத்து. அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பதினேழுலிருந்து இருவத்தாறு வரைக்கும் அவங்க மட்டக்களப்புல பயிற்சியில இருந்திருக்காங்க, கம்பியூட்டரையே கண்ணால பாக்கலையாம். அவங்க திறக்கும்போதே அது வாசிச்ச மடலாத்தான் கெடந்துச்சாம், தங்களுக்குத்தான் ஞாபகம் இல்லையோன்னு விட்டுட்டாங்களாம். அப்ப புதன்கிழமை ஏழு பத்துக்கு அவங்க பெட்டிய யாரு திறந்தது?

மெசின் கோளாறுன்னு சொன்னீங்கன்னா நம்புறேன். நெசமா நம்பத்தான் ஆசைப்படுறேன். ஆனா போன ஞாயிறு பெரியப்பா நம்ம லயத்துக்கு வந்து, ஒரு காரணமும் இல்லாம அரை மணித்தியாலம் ஒக்காந்து, சிவசாமி கண்டாக்கு எவ்வளவு நல்ல மனுசன்னு அம்மாகிட்ட பேசிட்டுப் போனாரு.

இதுக்கு மட்டும் ஒடனே பதில் போடுங்க. ஒரு வரி போதும்.

பூரணி


லிந்துலை.
04.12.2005

அண்ணே,

மூணு வாரம் ஆச்சு. ரெண்டு ஞாயிறு ஆண்டியப்பன் அண்ணன் கடைக்கு வந்து வெறுங்கையோட போனேன். போன் பண்ணினா உங்க அறைக்கூட்டாளி எடுத்து, நீங்க குளிக்கிறீங்கன்னு சொல்றாரு. மூணு தரமும் குளிக்கிறீங்க.

இனிப் பேர மறைச்சு என்ன செய்ய. நாகலெட்சுமி. உங்களுக்குத் தெரியும், நம்ம மேல் லயத்து ராசம்மா மகள். போன வியாழன் டிக்கோயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, நிச்சயத்துத் தட்டத் திருப்பி வாசல்ல வச்சிட்டுப் போயிட்டாங்க. உள்ளகூட வரல. ஏன்னு ராசம்மா அக்கா கால்ல விழாத கொறையாக் கேட்டாங்க. உங்க தலைவரே எங்க ஆளுங்ககிட்ட சொன்னாரு, பிள்ளைக்குச் சிக்கல் இருக்கு, பாத்துச் செய்யுங்கன்னு, அப்படீன்னாங்களாம். பெரியப்பா ஒரு கல்யாண வீட்டுல அவங்களப் பாத்தப்ப சொல்லியிருக்காரு. நல்லது செய்றதா நெனச்சுத்தான் சொன்னேன்னு இப்பவும் சொல்றாரு.

நாகு என்கிட்ட வந்தா. அழுகல. “ஒன் ஒருத்திகிட்டதான் சொன்னேன் பூரணி”ன்னு மட்டும் சொன்னா. நான் யாருகிட்டயும் சொல்லலன்னு சத்தியம் பண்ணினேன். அவ கேக்காமப் போயிட்டா. அதுலருந்து தண்ணிப் பீலியில என்னைக் கண்டா கொடத்த எடுத்துக்கிட்டு நகந்துடுறா. வாக்குமூலத்துக்குக் குறிச்ச நாள் போயிடுச்சு. மலையில பொம்பளைங்க என்னைப் பாத்தா பேச்ச நிறுத்துறாங்க. சிவசாமி கண்டாக்கு மட்டும் நல்லா இருக்காரு, என்னைக் கண்டா சிரிக்கிறாரு.

நீங்கதானே? சொல்லுங்க அண்ணே. ஆமான்னாவது சொல்லுங்க.

பூரணி


கொழும்பு.
21.12.2005

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் சித்தியும் சுகமா இருக்கணும்னு கும்பிடுறேன். எனக்குத்தான் ஒரு மாசமாத் தூக்கமில்ல, சாப்பாடுமில்ல.

ஆமா. நான்தான் வாசிச்சேன்.

திருட்டுத்தனமா நெனச்சுச் செய்யல பூரணி, அத நீ நம்பணும். உன் கடிதத்தப் பாத்ததும், நீ பெரிய வம்புல மாட்டப்போறேன்னு பயந்துட்டேன். சைட் என்னோடது, எந்தப் பெட்டியும் எனக்குத் திறக்கும். ஜெயந்தினியோட பெட்டிக்குள்ள அவங்க மாதிரியே போயிப் பாத்தேன். அது படிச்ச நேரமா விழும்னு அந்த நிமிசம் தோணல. நான் கட்டினதே என்னைக் காட்டிக் கொடுத்துச்சு.

ஒண்ணு யோசி. நம்ம லயத்துல பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்கிட்டதானே பிரிச்சுக் குடுப்பாங்க? இந்தியாவிலிருந்து வந்த சாவுச் செய்தி, குடும்பச் சண்டை, எல்லாத்தையும் நான்தான் சத்தமா வாசிப்பேன். ஒருத்தரும் தப்புன்னு சொன்னதில்ல, நல்ல பிள்ளைன்னுதான் சொன்னாங்க. அடுத்தவங்க கடிதத்த வாசிக்கிறது உதவின்னே என் மனசுல பதிஞ்சு போச்சு. அப்பாகிட்ட சொன்னதும் அப்படித்தான். அவரு சிவசாமியக் கூப்பிட்டு ரகசியமாக் கண்டிப்பாரு, விசயம் அடங்கிடும், பிள்ளை கல்யாணம் கெடாம நடக்கும்னு நெனச்சேன். அவரு மாப்பிள்ளை வீட்டுல போயிச் சொல்வாருன்னு நான் கனவுல கண்டேனா?

இனி இப்படி நடக்காது. நாலு நாளா ஒக்காந்து மடல் எல்லாத்தையும் பூட்டுற மாதிரி மாத்திட்டேன். இப்ப நானே நெனச்சாலும் திறக்க முடியாது. நீ கேட்ட ரெண்டு பக்க அழிப்பும் செஞ்சாச்சு. நீ பாத்தா சந்தோசப்படுவ.

ஒரு வேண்டுகோள். இத சைட்டுல யாருக்கும் சொல்லிடாத. தொளாயிரம் பேரு ஆயிட்டாங்க. நம்பிக்கை போச்சுன்னா எல்லாம் போச்சு.

உன் பாவப்பட்ட அண்ணன்,
கிஷாந்த்


லிந்துலை.
08.01.2006

அண்ணே,

அம்மா சொகம். கேப்பீங்கன்னு எழுதுறேன்.

உங்க கடிதத்துல உங்க தூக்கம் இருக்கு, உங்க சாப்பாடு இருக்கு, உங்க பூட்டு இருக்கு, உங்க தொளாயிரம் பேரு இருக்காங்க. நாகுவோட பேரு ஒரு எடத்துலயும் இல்ல. திருப்பித் திருப்பித் தேடினேன்.

லயத்துக் கடிதத்த வாசிச்சேங்கிறீங்க. சரி. அவங்க கையால பிரிச்சுக் குடுத்தாங்க, நீங்க வாசிச்சீங்க. நான் உங்க கையில குடுத்தேனா? உங்ககிட்ட பேரச் சொல்ல மாட்டேன்னு எழுதி அனுப்பினேன். அதுக்கப்புறமும் போயித் திறந்தீங்கன்னா அதுக்குப் பேரு உதவி இல்ல. பெரியம்மா மேல சத்தியம் பண்ணினீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது அண்ணே.

எனக்குப் பூட்டு வேணாம். ஒண்ணே ஒண்ணு செய்ங்க. பொங்கலுக்கு வாங்க. மேல் லயத்துக்கு ஏறி வந்து, நாகு முன்னாடி நின்னு, “பூரணி சொல்லல, நான்தான் திருடி வாசிச்சேன், எங்க அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்”னு உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா, பழிய அண்ணன் மேல போடுறான்னுதான் நெனப்பா. நீங்க வந்து சொன்னாத்தான் அவளுக்குத் தன்னைக் காட்டிக் கொடுக்காத ஒரு ஆளாவது இருந்துச்சுன்னு தெரியும். எனக்கும் அது வேணும், ஒளிக்காமச் சொல்றேன். அவ என் கூட்டாளி, அஞ்சாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல ஒக்காந்தவ.

பொங்கல் அன்னிக்குக் காலையில பஸ் ரோட்டுல நிப்பேன்.

பூரணி


கொழும்பு.
29.01.2006

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கலுக்கு வர முடியல. நாட்டு நெலமை உனக்குத் தெரியும், வழியெல்லாம் சோதனை, கம்பெனியிலயும் விடல. நீ ரோட்டுல நின்னிருப்பேன்னு நெனச்சு நெனச்சு அன்னிக்கு எனக்குப் பொங்கலே எறங்கல.

ஆனா நீ கேட்டத விடப் பெருசா ஒண்ணு செஞ்சிட்டேன். யாருக்கும் சொல்லாதன்னு உன்கிட்ட கெஞ்சினவன்தான், நானே எல்லாருக்கும் சொல்லிட்டேன். எட்டுக்காம்பராவோட முகப்புல, ‘நிர்வாகியின் மன்னிப்பு’ன்னு தலைப்புப் போட்டு, நடந்தத ஒளிக்காம எழுதிட்டேன். ஒரு உறுப்பினரோட தனிமடல நான் வாசிச்சது, அதனால லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல, கண்டாக்கு மேல புகார் சொல்ல இருந்த ஒரு பிள்ளைக்குத் தை மாசக் கல்யாணம் நின்னது, எல்லாம். பேரு போடல, கவலைப்படாத.

திட்டு விழும்னு நெனச்சேன். அறுவத்து மூணு பதில் வந்திருக்கு பூரணி. இவ்வளவு நேர்மையா யாரு எழுதுவாங்கன்னு கேக்குறாங்க. ஒருத்தரும் வெலகல, நாப்பது பேரு புதுசாச் சேந்திருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நேத்துத்தான் நல்லாத் தூங்கினேன். நீயும் ஒரு வரி அங்க எழுதினா எனக்கு முழுசா நிம்மதியாகும்.

சித்திய விசாரிச்சதாச் சொல்லு.

உன் அண்ணன்,
கிஷாந்த்


லிந்துலை.
19.02.2006

கிஷாந்த் அண்ணனுக்கு,

நீங்க எழுதினத ஆண்டியப்பன் அண்ணன் கடையில வாசிச்சேன். எனக்கு முன்னாடி அவரே வாசிச்சிருந்தாரு. “இது உங்க தோட்டந்தானே தங்கச்சி, ராசம்மா மகள்தானே”ன்னு கேட்டாரு. யாரோ பிரிண்ட் எடுத்து டீக்கடைக்குக் கொண்டுவந்து, அங்க ஒருத்தன் சத்தமா வாசிக்க, சுத்தி நின்னு கேட்டிருக்காங்க. லிந்துலைப் பக்கம், கண்டாக்கு, தை மாசம் நின்ன கல்யாணம். இதுக்கு மேல பேரு எதுக்கு? அதுவரைக்கும் நாலு குடும்பத்துக்குத் தெரிஞ்சது இப்ப டவுனுக்கே தெரியும். அவ ஒருத்திகிட்ட நேருல வந்து சொல்லுங்கன்னேன். நீங்க அவள விட்டுட்டு மத்த எல்லாருக்கும் சொல்லியிருக்கீங்க. அதுலயும் நிர்வாகின்னு போட்டீங்க. கிஷாந்த்னு போடல, தலைவர் மகன்னு போடல.

போன செவ்வாய் நாகு நுவரெலியாவுக்குப் போயிப் புகார் கொடுத்துட்டா. இனி மறைக்க என்ன இருக்குன்னு, ராசம்மா அக்காவக் கூட்டிக்கிட்டு, பேர் ஊர் எல்லாத்தையும் அவளே சொல்லி எழுத வச்சிருக்கா. அன்னிக்குப் போறான்னு ஜெயந்தினி அக்கா முன்னாடியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா நம்ம வீட்டுக்கு வர்றதில்ல. சிவசாமி கண்டாக்கு இன்னும் மலையிலதான் நிக்கிறாரு, ஆனா சிரிக்கிறதில்ல.

எட்டுக்காம்பராவுல என் பேர அழிச்சிடுங்க. என் மடலையும் அழிச்சிடுங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி வாசிப்பீங்க, வாசிங்க. இனி எனக்குக் கடிதம் போடாதீங்க, வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில, அவளோட நானும் போறேன்னு பஸ் ரோட்டுக்கு ஓடினேன். எங்க அண்ணன்தான் திருடி வாசிச்சாருன்னு அங்கயே வச்சு அவகிட்ட சொல்லிட்டேன். நாகு பையக் கீழ வச்சிட்டுக் கேட்டா. நம்பிட்டா, மொகத்துலயே தெரிஞ்சுது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. பஸ் வந்ததும் ராசம்மா அக்கா முதல்ல ஏறினாங்க. நாகு படியில கால வச்சிட்டுத் திரும்பி, “சரி, அவரு வாசிச்சாரு. நான் ஒன்கிட்ட வாயாலதானே சொன்னேன், பூரணி. என் பேர நீ ஏன் எழுதின?”ன்னு கேட்டா.

பஸ் போயிடுச்சு. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமத்தான் அண்ணே நான் எழுதினேன்.

பூரணி